சிறு பல்கலைக்கழகமும் மாணவர்க்கு அது அளித்த உறுதிமொழியும்: சாந்திநிகேதன், காந்திகிராமம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்திய உயர்கல்வி வரலாறு பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தோற்றுவிக்கப்பட்ட பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இயங்கின. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாயிற்று. மதிப்பிடுதல் பல்கலைக்கழகத்தின் பணியாயிற்று. இவ்வமைப்பில் சேர விரும்பிய மாணவனுக்குப் பல்கலைக்கழகம் முன்வைத்தது ஒன்றே: பட்டம். அப்பட்டத்தின் வழியே அரசுப் பணி.

இதற்கு மாறான உறுதிமொழியைத் தம்மிடம் வரும் மாணவருக்கு வழங்க முனைந்த சிறு நிறுவனங்கள் சில இருபதாம் நூற்றாண்டில் தோன்றின. தனியார் முயற்சியாகத் தொடங்கிப் பின்னர்ப் பொதுநிதியால் நடைபெறும் நிலையை எய்திய இரண்டு நிறுவனங்கள் இவ்வகையில் ஒப்பிடத்தக்கன. ஒன்று, வங்காளத்தின் வீரபூம் மாவட்டத்தில் அமைந்த விசுவபாரதி. மற்றொன்று, திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம். இவ்விரண்டும் மாணவருக்கு எதை வழங்குவதாகக் கூறின, எதை வழங்கின, பட்டம் என்னும் ஒன்றோடு அவை எவ்வாறு உடன்பாடு கண்டன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாந்திநிகேதன்: ஐந்து மாணவர்களின் பள்ளி

1863ஆம் ஆண்டில் தேவேந்திரநாத் தாகூர் போல்பூரை அடுத்த வறண்ட செம்மண் பரப்பில் இருபது பிகா நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, தியானத்திற்குரிய ஆசிரமம் ஒன்றை அமைத்தார். அந்நிலத்தில் நின்ற இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலே அவரை அவ்விடத்தில் தங்கச் செய்தது என்பது மரபாகக் கூறப்படும் செய்தி. அவ்விடத்தில் 1901 டிசம்பர் 22ஆம் நாள் அவருடைய மகன் இரவீந்திரநாத் தாகூர் பிரம்மச்சரிய ஆசிரமம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் இருந்த மாணவர் ஐவரே. பள்ளியை நடத்துவதற்காகத் தாகூர் பூரியில் இருந்த தம் வீட்டை விற்றார். அவருடைய துணைவியார் மிருணாளினி தேவி தம் நகைகளைக் கொடுத்தார். எனவே, இந்நிறுவனத்தின் முதல் மூலதனம் ஒரு குடும்பத்தின் இழப்பே எனலாம்.

இப்பள்ளி மாணவர்க்கு வழங்கியது யாது? முதலாவது, மரத்தடி வகுப்பு. இரண்டாவது, ஆசிரியருடன் ஒரே வளாகத்தில் வாழும் வாழ்க்கை. மூன்றாவது, தாய்மொழி வழிக் கல்வி. நான்காவது, இசை, ஓவியம், நாடகம் ஆகியவற்றைப் பாடத்திற்கு அப்பாற்பட்ட பொழுதுபோக்காகக் கருதாது பாடத்தின் பகுதியாகவே கொள்ளும் நெறி. பருவங்களின் வருகை விழாவாகக் கொண்டாடப்பட்டது. 1928இல் மரம் நடும் விழாவும் ஏர் உழும் விழாவும் அவ்வரிசையில் இணைந்தன.

1915ஆம் ஆண்டில் இங்கு நிகழ்ந்த ஒரு சோதனை தனித்துக் குறிப்பிடத்தக்கது. தென்னாப்பிரிக்காவின் பீனிக்ஸ் குடியிருப்பைச் சேர்ந்த மாணவர்கள் காந்தியடிகளுக்கு முன்னரே இந்தியா வந்து சாந்திநிகேதனில் தங்கியிருந்தனர். அவ்வாண்டு அங்கு வந்த காந்தியடிகள், சமையல், துப்புரவு உள்ளிட்ட பணிகளை ஊதியப் பணியாளரின்றி ஆசிரியரும் மாணவருமே செய்யலாம் என்றார். மார்ச் 10ஆம் நாள் அச்சோதனை தொடங்கியது. சில காலத்தில் அது நின்றுபோயினும், ஆண்டுதோறும் அந்நாளில் பணியாளர்களுக்கு ஓய்வளித்து, மாணவரும் ஆசிரியரும் அப்பணிகளைச் செய்யும் 'காந்தி புண்ணியாகம்' என்னும் வழக்கமாக அது நிலைத்தது. இதன் வேர் தென்னாப்பிரிக்கத் தமிழரோடும் தொடர்புடையது. 1910இல் நிறுவப்பட்ட தால்ஸ்தாய் பண்ணையில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களைச் சேர்ந்த தமிழ்ச் சிறுவர் இருந்தனர். காந்தியடிகள் தாம் கற்ற சிறிதளவு தமிழைக் கொண்டு அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க முயன்றதைத் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். கைவேலையும் கல்வியும் ஒன்றே என்னும் கொள்கை அப்பண்ணையில் உருப்பெற்றுப் பின்னர் வங்காளத்தை அடைந்தது.

பள்ளி பல்கலைக்கழகமாதல்

1918 டிசம்பரில் விசுவபாரதிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1921 டிசம்பர் 23ஆம் நாள் மெய்யியல் அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் தலைமையில் அது முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே 1919இல் கலாபவனம் என்னும் நுண்கலைப் பிரிவு உருவாகியிருந்தது; நந்தலால் போஸ் அதன் முதல்வராகப் பொறுப்பேற்று நெடுங்காலம் வழிநடத்தினார். 1922 பிப்ரவரி 6ஆம் நாள் சுருல் என்னும் அண்டை ஊரில் ஆங்கிலேய வேளாண் அறிஞர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் துணையோடு கிராமச் சீரமைப்புப் பணி தொடங்கியது. அதுவே ஸ்ரீநிகேதன் எனப் பெயர் பெற்றது. 1937இல் தான் யுன்–ஷான் முயற்சியால் சீனபவனமும், 1939இல் இந்திபவனமும் அமைந்தன.

இவ்வளர்ச்சியில் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தேர்வையும் பட்டத்தையும் மையமாகக் கொண்ட கல்வியைத் தாகூர் கடுமையாக விமர்சித்தார். ஆயினும் விசுவபாரதியின் கல்லூரிப் பிரிவான சிட்சாபவனம் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பட்டத்தைக் கேட்டனர். அதைத் தரவியலாத நிறுவனம் மாணவரை இழக்கும் நிலையில் இருந்தது. கலாபவனத்திலும் இசைபவனத்திலும் பட்டத்தின் நெருக்கடி குறைவு. ஆதலின் அப்பிரிவுகளே விசுவபாரதியின் கொள்கையை மிகத் தெளிவாக வெளிப்படுத்தின. 1940 முதல் 1942 வரை கலாபவனத்தில் பயின்ற சத்யஜித் ராய் படிப்பை முடிக்காமலேயே வெளியேறினார். எனினும் கீழைக்கலை மரபைக் காணும் கண்ணை அவ்விடமே தமக்குத் தந்தது என்பதைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டார். கேரளத்தில் பிறந்த கே.ஜி. சுப்பிரமணியன் 1944இல் அங்குச் சேர்ந்து, ஓவியராகவும் கலைச் சிந்தனையாளராகவும் மலர்ந்தார்.

இவ்வாறு பட்டத்தின் உதவியின்றி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளல் எல்லோர்க்கும் இயல்வதன்று. இவ்வுண்மை அக்கால விசுவபாரதியின் நிதிநிலையிலும் வெளிப்பட்டது. முதிய வயதிலும் நடனக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று தாகூர் பொருள் திரட்டினார். 1936இல் அவர் தில்லி வந்தபோது காந்தியடிகளின் முயற்சியால் ரூ. 60,000 நன்கொடை கிடைத்தது. 1940 பிப்ரவரியில் காந்தியடிகள் சாந்திநிகேதனிலிருந்து விடைபெற்றபோது, தம் மறைவிற்குப் பின் நிறுவனத்தைக் காத்தருளுமாறு வேண்டும் கடிதம் ஒன்றைத் தாகூர் அவரிடம் அளித்தார். காந்தியடிகள் அக்கடிதத்தை மௌலானா ஆசாதிடம் ஒப்படைத்தார். ஆசாத் விடுதலை இந்தியாவின் கல்வி அமைச்சரானபின், 1951ஆம் ஆண்டின் விசுவபாரதிச் சட்டம் அந்நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாகவும் நடுவண் பல்கலைக்கழகமாகவும் அறிவித்தது. இரதீந்திரநாத் தாகூர் முதல் துணைவேந்தரானார். அன்றுமுதல் விசுவபாரதி தன் பட்டத்தைத் தானே வழங்கலாயிற்று. பட்டமளிப்பு விழாவில் பட்டம் பெறுவோர்க்கு ஏழிலைப்பாலை இலைகளை வழங்கும் மரபு, பட்டமும் அம்மரநிழலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதைக் குறிப்பாக உணர்த்துகிறது.

கிராமப் பல்கலைக்கழகம் என்னும் கருத்து

விடுதலைக்குப்பின் எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் (1948–49) இவ்வாய்விற்கு இன்றியமையாதது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், ஜாகிர் உசேன், மேக்நாத் சாகா ஆகியோர் இதில் உறுப்பினராக இருந்தனர். அமெரிக்காவின் ஆன்டியாக் கல்லூரியில் படிப்பையும் வேலையையும் மாறிமாறி அமைத்த ஆர்தர் மார்கனும் அதில் இடம்பெற்றார். ஆணையத்தின் அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகம் பற்றித் தனி இயலே அமைந்தது.

அவ்வியலில் அளவு பற்றிய கருத்து கூர்ந்து நோக்கற்பாலது. கிராமக் கல்லூரி ஒன்றில் ஏறத்தாழ 300 மாணவரும், அத்தகைய கல்லூரிகளை உள்ளடக்கிய கிராமப் பல்கலைக்கழகத்தில் மொத்தம் 2,500 மாணவரும் இருத்தல் போதுமென அவ்வறிக்கை கருதியது. சிறியதாய் இருத்தல் இங்குக் குறைபாடாகவோ வளர்ச்சியின் தொடக்கநிலையாகவோ கொள்ளப்படவில்லை. கல்விமுறையின் நிபந்தனையாகவே கொள்ளப்பட்டது. ஆசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அறிதலும், கல்லூரி தன்னைச் சூழ்ந்த ஊர்களை அறிதலும் அளவு மிகுந்தால் இயலாதன என்பதே அதன் அடிப்படை.

கே.எல். சிரீமாலி தலைமையிலான குழுவின் ஆய்வையடுத்து, 1956இல் ஊரகப் பகுதிகளின் உயர்கல்விக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டு, நாட்டின் பல பகுதிகளில் கிராமிய நிறுவனங்கள் தோற்றுவிக்கப்பட்டன. அவற்றுள் ஸ்ரீநிகேதனும் ஒன்று, காந்திகிராமமும் ஒன்று, கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் அமைந்ததும் ஒன்று. இவ்வாறு தாகூரின் கிராமச் சீரமைப்புக் களமும் தமிழகத்தின் இரு நிறுவனங்களும் ஒரே திட்டத்தில் இணைந்தன.

காந்திகிராமம்

காந்திகிராமத்தைத் தோற்றுவித்த இருவருள் ஜி. இராமச்சந்திரன் விசுவபாரதியின் மாணவர். கேரளத்தின் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த அவர் சாந்திநிகேதனில் சி.எஃப். ஆண்ட்ரூஸின் அன்பைப் பெற்றார். 1924இல் தில்லியில் காந்தியடிகளைச் சந்தித்துக் கலை குறித்தும் இயந்திரம் குறித்தும் அவர் எழுப்பிய வினாக்களும் பெற்ற விடைகளும் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தன. தாகூரின் அழகுணர்வையும் காந்தியின் உழைப்பு நெறியையும் ஒருங்கே எதிர்கொண்ட இளைஞரின் உரையாடல் அது. மற்றவர் டி.எஸ். சௌந்தரம். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான அவர் இளமையில் கணவரை இழந்து, தில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். கஸ்தூரிபா அறக்கட்டளையின் தென்னிந்தியப் பொறுப்பைக் காந்தியடிகள் அவரிடம் ஒப்படைத்தார். 1940இல் இவ்விருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

1947 அக்டோபர் 7ஆம் நாள் சின்னாளப்பட்டிக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் தொடங்கப்பட்டது. மருத்துவப் பணி, ஆதாரக் கல்வி, கைத்தொழில் ஆகியன முதலில் வந்தன. உயர்கல்வி பின்னரே வந்தது. இவ்வரிசைமுறை கருதத்தக்கது. பிற இடங்களில் பல்கலைக்கழகம் முதலில் நிறுவப்பட்டு, ஊரைச் சென்றடையும் திட்டம் பின்னர் வகுக்கப்படும். இங்கு ஊர்ப்பணி முன்னும் பல்கலைக்கழகம் பின்னுமாக அமைந்தன. 1956இல் கிராமிய நிறுவனம் உருவானபோது, மாணவர் செயல்முறைப் பயிற்சி பெறுவதற்குரிய களம் முன்னமே ஆயத்தமாக இருந்தது.

அங்குச் சேர்ந்த மாணவர்க்கு மூன்றாண்டு ஊரகப்பணிப் பட்டயம் முதலிய படிப்புகள் வழங்கப்பட்டன. அவற்றோடு ஊர்களில் தங்கி மக்களின் நிலையை நேரில் அறியும் கிராமத் தங்கல் திட்டமும், சாந்தி சேனைப் பயிற்சியும், பொதுவழிபாடும், உடலுழைப்பும் இணைந்தன. கற்பித்தல், ஆய்வு என்னும் இரண்டோடு விரிவாக்கப்பணியும் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் கடமை என்று பல்கலைக்கழக மானியக்குழு 1977இல் கொள்கை வகுத்தது. அக்கொள்கைக்கு இரு பதிற்றாண்டுகள் முன்பே காந்திகிராமம் அதனைச் செயற்படுத்தியது என்பது மறக்கற்பாலதன்று.

பட்டயத்தின் விலை

கிராமிய நிறுவனங்களின் பட்டயம் பெற்றோர் எதிர்கொண்ட இடர்ப்பாடே இவ்வரலாற்றின் மையச் சிக்கல் ஆகும். நடுவண் அரசு வேலைவாய்ப்பிற்கு அப்பட்டயத்தை இளநிலைப் பட்டத்திற்கு இணையானதாக ஏற்றது. ஆயினும் பல்கலைக்கழகங்கள் பல, முதுநிலைச் சேர்க்கையில் அதனை ஏற்கத் தயங்கின. ஊரகப்பணிக்கென உருவாக்கப்பட்ட பணியிடங்களும் பயின்று வெளிவந்தோர் தொகைக்கு ஈடாகப் பெருகவில்லை. ஆகவே நிறுவனங்கள் பலவும் காலப்போக்கில் பல்கலைக்கழகங்களோடு இணைந்து வழக்கமான பட்டப்படிப்புகளையே நடத்தும் நிலையை அடைந்தன. காந்திகிராமம் மட்டும் 1976இல் மானியக்குழுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்கீழ் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றுத் தன் தனித்தன்மையைக் காத்துக்கொண்டது.

பட்டத்தை நோக்கிய இம்மாற்றத்தைக் கொள்கை வீழ்ச்சி எனக் கருதுவோர் உளர். அக்கருத்து முழுமையும் ஏற்கத்தக்கதன்று. சாந்திநிகேதனின் தொடக்கக்கால மாணவருள் வசதி படைத்த குடும்பத்தினர் பலர். பட்டமின்றி வெளியேறினும் அவர்களைத் தாங்கிக்கொள்ளக் குடும்பம் இருந்தது. கிராமிய நிறுவனம் நாடி வந்த மாணவன் நிலை வேறு. சிறு உழவர், நெசவாளர் குடும்பத்திலிருந்து உயர்கல்விக்கு வந்த முதல் தலைமுறையினன் அவன். அவனுடைய மூன்றாண்டு உழைப்பை இழந்தே குடும்பம் அவனைப் படிக்க அனுப்பியது. படித்து முடித்தபின் அவன் கையில் இருக்கும் தாளை அடுத்த நிறுவனம் ஏற்க மறுத்தால், அந்நிறுவனத்தின் உயர்ந்த நோக்கத்திற்கான விலையைக் கொடுப்பவன் அம்மாணவனே. நிறுவனத்தின் இலட்சியத்திற்கு நிறுவனமே விலை கொடுத்தல் வேண்டும். மாணவனைக் கொடுக்கச் செய்தல் அறமாகாது. இந்நோக்கில் 1951ஆம் ஆண்டுச் சட்டமும் 1976ஆம் ஆண்டு அறிவிப்பும் சமரசங்கள் அல்ல. மாணவர்பால் நிறுவனம் ஏற்றுக்கொண்ட கடமையின் நிறைவேற்றம் எனல் பொருந்தும்.

எனினும் பட்டம் வந்தபின் ஏனையவை தேய்தலும் வரலாற்றில் காணப்படுவதே. பொதுநிதி வரும்போது பொது விதிகளும் உடன்வருகின்றன. ஆசிரியர் தகுதி, பாடத்திட்டம், மதிப்பெண் முறை ஆகியன நாடு முழுவதும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன. 2017இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பையடுத்து, நிகர்நிலை நிறுவனங்கள் தம் பெயரில் பல்கலைக்கழகம் என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என மானியக்குழு அறிவுறுத்தியது. காந்திகிராமமும் கிராமிய நிறுவனம் என்னும் தன் பழைய பெயருக்கே திரும்பியது. 2022 முதல் நடுவண் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கு நாடு தழுவிய பொது நுழைவுத்தேர்வு நடைமுறைக்கு வந்தது. நாட்டின் எம்மூலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்பது இதன் நன்மை. ஆயின், தான் விரும்பும் வாழ்க்கைமுறைக்கு உடன்பட்டு வருவோனையும், மதிப்பெண் கொண்டுவந்து சேர்த்தமையால் வருவோனையும் இத்தேர்வு வேறுபடுத்தி அறியாது.

எஞ்சி நிற்பன

அவ்வாறாயின், இன்று இத்தகைய நிறுவனத்தை நாடும் மாணவர்க்குப் பிற இடங்களில் கிடைக்காதது யாது என்னும் வினா எழுகிறது. வரலாற்று நோக்கில் மூன்று கூறுகளைச் சுட்டலாம்.

ஒன்று, தொடர்ச்சி. விசுவபாரதியில் பாடபவனம் முதலிய பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் உறுப்புகளே. மழலைக் கல்வி முதல் முனைவர் பட்டம் வரை ஒரே வளாகத்தில் பயிலும் வாய்ப்பு அங்குண்டு. இரண்டு, இடத்தின் கல்வி. இராம்கிங்கர் பைஜ் 1938இல் வடித்த 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பம் காட்சியகத்தில் இல்லை. மாணவர் நடந்து செல்லும் வழியில் திறந்தவெளியில் நிற்கிறது. அண்டை ஊர்ச் சந்தால் மக்களே அதன் பொருள். அவர்தம் மொழியும் இன்று அங்குப் பாடமாகப் பயிற்றப்படுகிறது. அவ்வாறே காந்திகிராமத்தில் சின்னாளப்பட்டியின் தறியும் சிறுமலையின் அடிவார ஊர்களும் பாடநூலின் தொடர்ச்சியாக அமைகின்றன. மூன்று, உழைப்பைக் கல்வியினின்று பிரிக்காத மரபு. ஆண்டில் ஒருநாளேயாயினும் துடைப்பம் ஏந்தும் மார்ச் 10ஆம் நாளும், சில நாள்களேயாயினும் ஊரில் தங்கும் கிராமத் தங்கல் திட்டமும் அம்மரபின் அடையாளங்கள். இவை சடங்காகச் சுருங்கும் இடர் உண்டு. ஆயினும் சடங்கின் பொருளை மீண்டும் தேடும் தலைமுறைக்கு அச்சடங்கே சான்றாக நிற்கும்.

2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்களும் மரங்களும் அதனால் பாதுகாப்புப் பெறும். அம்மரநிழலில் ஆசிரியரும் மாணவரும் கொண்ட உறவைப் பாதுகாப்பது பாரம்பரியப் பட்டியலின் பணியன்று. அது பல்கலைக்கழகத்தின் பணி.

முடிவுரை

விசுவபாரதி, காந்திகிராமம் ஆகிய இரண்டும் பட்டமே கல்வியாகக் கருதப்பட்ட சூழலில் மாற்று உறுதிமொழியோடு தோன்றின என்பதும், ஆசிரியரின் அண்மை, உழைப்பு, ஊரோடு உறவு ஆகிய மூன்றுமே அவ்வுறுதிமொழியின் உள்ளடக்கம் என்பதும், சிறிய அளவே அதனை இயலச் செய்தது என்பதும் மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகின்றன. ஜி. இராமச்சந்திரன் வழியாகச் சாந்திநிகேதனின் மரபு தமிழகத்தை அடைந்து, காந்திகிராமத்தில் உழைப்பு நெறியோடு இணைந்து புதுவடிவம் பெற்றது.

ஏற்கப்பட்ட பட்டமின்றி உயர்ந்த வாழ்க்கையை மட்டும் வழங்கும் நிறுவனம் எளிய மாணவனைக் கைவிடுகிறது. பட்டத்தை மட்டும் வழங்கும் சிறு நிறுவனம், பெரிய பல்கலைக்கழகம் தருவதையே குறைந்த வசதியோடு தருவதாகிறது. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த குறுகிய வழியே சிறு பொதுப் பல்கலைக்கழகத்திற்கு உரியது. பொதுநிதி பட்டத்திற்கு உறுதி தரும். மற்றதற்கு உறுதி தர வேண்டியவர் அவ்வளாகத்தில் வாழும் ஆசிரியரே. 1901இல் ஐந்து மாணவருக்காக ஒரு குடும்பம் தன் வீட்டையும் நகையையும் இழந்தது. அத்தகைய ஈடுபாட்டின் சிறுபகுதியேனும் ஆசிரியரிடம் எஞ்சியிருக்கும்வரை, அங்குச் சேர வரும் மாணவர்க்கு அளிக்கப்படும் உறுதிமொழி பொருளுடையதாகவே விளங்கும்.